காலில் சக்கரம் கட்டிய குழந்தைக்கு எந்தப் பரிசு?

சென்ற விடுமுறைக்கு அக்கா மகனுக்கு மரத்தாலான படப்புதிர் ஒன்று வாங்கிப் போனேன். அப்போது அவனுக்கு ஒரு வயது ஒன்பது மாதம். கண் விழித்ததிலிருந்து கண் மூடும்வரை ஓரிடத்தில் நிற்காத பிள்ளை. இதைக் கொடுத்தால் பத்து நிமிடமாவது உட்காருவான், அக்காவும் சற்று மூச்சு விடுவாள் என்பது என் கணக்கு. அவன் உட்காரவில்லை. துண்டுகளை ஒரு துணிப்பையில் அள்ளிப் போட்டான், கூடத்திலிருந்து சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனான், அங்கே கொட்டினான், மறுபடி அள்ளினான். மாலைக்குள் யானையின் தும்பிக்கை என் செருப்புக்குள்ளும் வால் துணி துவைக்கும் எந்திரத்துக்குள்ளும் கிடந்தன. வருத்தம் வாங்கிப் போன எனக்குத்தான். அவனுக்குச் சரக்கு ஏற்றி இறக்க அதைவிடத் தோதான சாமான் கிடைத்திருக்காது.

அதன்பின் பரிசு வாங்குமுன் அக்காவிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “இப்போது என்ன செய்து உன் உயிரை எடுக்கிறான்?” சோபாவின் முதுகில் ஏறுகிறான் என்றால் ஏறுவதற்கு ஒன்று வாங்க வேண்டும். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு திரிகிறான் என்றால் தள்ளுவதற்கு ஒன்று. கைக்கு அகப்பட்டதையெல்லாம் வீசுகிறான் என்றால் பந்து. எந்தச் சேட்டை பெற்றோரைக் களைப்படையச் செய்கிறதோ அதற்கு ஓர் இடமும் கருவியும் கொடுத்துவிடுவது, அதை மாற்றப் பார்ப்பதைவிட எளிது. ஓடும் பிள்ளையை உட்காரவைக்கும் பொருள் வேண்டும் என்பது பெரியவர்களின் ஆசை. உலக சுகாதார நிறுவனமோ 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும் என்கிறது. மூன்று மணி நேரம்! அந்த மூன்று மணி நேரம் எதன்மேல் கழியப்போகிறது என்று பார்த்துத்தான் இங்கே ஒவ்வொன்றையும் எடைபோடுகிறேன்.

அதற்குமுன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வயதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ‘மூன்று வயதுக்கு மேல்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, “எங்கள் பிள்ளை கெட்டிக்காரன், இரண்டிலேயே விளையாடுவான்” என்று வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்த எண் பெரும்பாலும் புத்திக்கு வைத்த அளவுகோல் இல்லை, தொண்டைக்கு வைத்தது. பொம்மைகளைச் சோதிக்கும் இடங்களில் 31.7 மி.மீ. விட்டமுள்ள சிறு உருளை ஒன்று வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் துண்டு எதுவும் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கான பொருளில் இருக்கக் கூடாது. பந்து என்றால் விட்டம் 44.4 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். வீட்டில் சோதிக்கக் கழிவறைத் தாள்சுருளின் அட்டைக்குழல் போதும். அதற்குள் நுழைவது குழந்தையின் கைக்குப் போகவேண்டாம். திறமையைப் பொறுத்தவரை பெட்டி சொல்வதைவிடக் குழந்தை சொல்வதே சரி. பலர் முதல் பிறந்தநாளை ஒட்டி நடக்கிறார்கள், சிலர் பதினைந்து மாதம், இன்னும் சிலர் பதினெட்டு மாதம் வரை எடுத்துக்கொள்கிறார்கள். ஓட்டம் ஒன்றரை வயதை ஒட்டியும், இரு காலும் தரையை விட்டு எழும் குதிப்பு இரண்டு வயதை ஒட்டியும், பெடல் மிதிப்பது ஏறக்குறைய மூன்று வயதிலும் வரும்.

சக்கரம் உள்ளவை

துறுதுறு குழந்தை என்றதும் கை முதலில் சக்கரத்தின் பக்கம்தான் போகும். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள்கூட வாரானை என்று நடைக்கு ஒரு பருவமும் சிறுதேர் என்று வண்டி உருட்டுவதற்கு ஒரு பருவமும் ஒதுக்கிவைத்தார்கள். நடை வந்ததும் வண்டி வேண்டும். எந்த வண்டி என்பதில்தான் குழப்பம்.

அப்போதுதான் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு நடைவண்டிக்கு இணை இல்லை. நின்றபடி பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும் வண்டியைச் சொல்கிறேன். குழந்தையை நடுவில் உட்காரவைத்துக் கால் மட்டும் தரையைத் தொட உருண்டோடும் வட்டமான வாக்கர் வேறு. அதை வாங்கவே வேண்டாம். நடையை அது விரைவுபடுத்துவதில்லை. படிக்கட்டை நோக்கியும் அடுப்பை நோக்கியும் குழந்தையைக் கண் இமைக்கும் நேரத்தில் கொண்டுசேர்த்துவிடும். கனடா 2004-இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. நடைவண்டியில் பெட்டி வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். முதல் சில வாரங்கள் பெட்டியில் கனமான புத்தகங்களை அடுக்கினால் வண்டி முன்னால் ஓடிவிடாது, பின்னால் கவிழாது. நடை உறுதியானதும் புத்தகங்களை எடுத்துவிடலாம். அப்போது அதுவே சரக்கு வண்டி. இரண்டு வயதுவரை அதற்கு வேலை இருக்கும்.

உட்கார்ந்து காலால் உந்தும் நான்கு சக்கர வண்டி அடுத்தது. இருக்கையில் உட்கார்ந்தால் இரு பாதமும் முழுதாகத் தரையில் பதியவேண்டும், சக்கரங்கள் அகலமாக அமைந்திருக்கவேண்டும். பார்க்க வேண்டியவை இவ்வளவே. ஒன்றேகால் வயதுக் குழந்தைக்கு வீட்டுக்குள் நல்ல துணை. குறை என்னவென்றால் காலம் குறைவு. இரண்டரை வயதில் முழங்கால் கைப்பிடியில் இடிக்கத் தொடங்கிவிடும், வண்டி பரண் ஏறிவிடும். தம்பியோ தங்கையோ வரவிருக்கும் வீடு என்றால் இந்தக் குறை குறையே இல்லை.

மூன்று சக்கர சைக்கிளும் பெடல் இல்லாத இரு சக்கர சைக்கிளும்தான் உண்மையான போட்டியாளர்கள். இரண்டாவதைப் பேலன்ஸ் பைக் என்பார்கள். தாத்தா பாட்டிகளின் மனம் மூன்று சக்கரத்தில் இருக்கும், அவர்கள் வாங்கிக் கொடுத்துப் பழகியது அது. விழாது என்பது அவர்கள் வாதம். உண்மைதான், வேகமாகத் திருப்பாதவரை. ஆனால் பெடலை வட்டமாக மிதிக்கும் சூட்சுமம் பல பிள்ளைகளுக்கு மூன்று வயதை நெருங்கித்தான் பிடிபடும். அதுவரை பின்னால் நீண்ட கைப்பிடி வைத்துப் பெரியவர் தள்ளுவார், குழந்தை பயணியாக உட்கார்ந்திருக்கும். நீண்ட தூரம் நடந்து வெளியே போகும் குடும்பத்துக்கு அது உதவலாம். ஓயாத பிள்ளைக்கு அது நாற்காலிதான்.

பேலன்ஸ் பைக்கைப் புதுமோகம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. சைக்கிளின் முன்னோடியே பெடல் இல்லாமல்தான் பிறந்தது. 1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு மரச்சக்கரங்களுக்கு நடுவே உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்தி ஓட்டிக் காட்டினார். பெடல் வைத்த சைக்கிள் பரவியது 1860-களில். சமநிலையை முதலில் கற்று மிதிப்பதைப் பிறகு கற்கும் அந்த வரிசையைத்தான் குழந்தையும் இதில் பின்பற்றுகிறது. பக்கத் துணைச்சக்கரம் வைத்த சைக்கிளில் வரிசை தலைகீழ். மிதிப்பதை முதலில் பழகி, சமநிலைக்குத் துணைச்சக்கரத்தை நம்பியிருந்துவிட்டு, அதைக் கழற்றும் நாளில் அழுவார்கள்.

பேலன்ஸ் பைக் வாங்கும்போது வயதை மறந்துவிட்டு அளவு நாடாவை எடுங்கள். குழந்தையைச் செருப்புடன் சுவரோரம் நிறுத்தித் தரையிலிருந்து கவட்டை வரை அளந்தால், இருக்கையின் மிகத் தாழ்ந்த நிலை அதைவிட 2 அல்லது 3 செ.மீ. குறைவாக இருக்கவேண்டும். எடை குழந்தையின் எடையில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான கணக்கு. 12 கிலோ குழந்தைக்கு 3.6 கிலோ. கீழே விழுந்த வண்டியைத் தானே தூக்கி நிறுத்த முடியாத பிள்ளை நான்காவது முறை அதைத் தொடாது. ஃபோம் டயர் இலேசானது, பஞ்சர் ஆகாது, ஆனால் வழவழப்பான தரையில் வழுக்கும். காற்றடைத்த டயர் பிடித்து ஓடும், எடை கூடும். முதல் வண்டிக்கு நான் ஃபோமையே எடுப்பேன். பிரேக் பற்றிக் கவலை வேண்டாம், இந்த வயதில் காலே பிரேக்.

ஹெல்மெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வண்டியோடு முதல் நாளே தலையில் ஏறினால் அது வண்டியின் ஒரு பாகம் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து மாட்டப் போனால் யுத்தம். இன்னொன்றையும் கொடுப்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: வண்டியைப் பிரித்த அன்றே குழந்தை சவாரி செய்யாது. இருக்கையில் உட்காராமல் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு நடக்கும். சில வாரம் தொடாமலும் விடும். தள்ளிவிட வேண்டாம், ‘இப்படிச் செய்’ என்று காட்டவும் வேண்டாம்.

பேட்டரியில் ஓடும் பெரிய காரைப் பற்றி இரண்டே வரி. பொத்தானை அழுத்தினால் அது ஓடுகிறது, குழந்தை உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் உள்ள நாற்காலிகளில் அதிக விலை கொடுத்து வாங்கியது அதுவாகத்தான் இருக்கும்.

ஏறுவதற்கு

ஏறும் பிள்ளையை வைத்திருக்கும் வீடுகளில் அலமாரியின் இழுப்பறைகள் படிக்கட்டாகிவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் கொடுக்க விரும்பும் முதல் பரிசைப் பளபளப்பான தாளில் சுற்ற முடியாது: அலமாரியையும் தொலைக்காட்சியையும் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் பட்டைகள். கொடுத்தால் முகம் சுளிப்பார்கள். அதனால் இன்னொரு பரிசோடு சேர்த்துக் கொடுத்து, நானே திருப்புளி எடுத்துப் பூட்டிவிட்டு வருவேன்.

அந்த இன்னொரு பரிசுக்கு மூன்று தெரிவுகள் உண்டு. முக்கோண மர ஏணி முதலாவது. இதற்குப் பெயர் தந்தவர் எம்மி பிக்லர் என்ற ஹங்கேரியக் குழந்தை மருத்துவர். 1946-இல் புடாபெஸ்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கி நடத்தியவர். தானாகச் சென்றடைய முடியாத நிலையில் குழந்தையைக் கொண்டுபோய் வைக்காதீர்கள் என்பது அவர் வலியுறுத்தியது. பிடித்து உட்காரவைக்கவோ தூக்கி உச்சியில் நிறுத்தவோ கூடாது. முக்கோண ஏணியை வாங்கித் தந்துவிட்டு “மேலே ஏறு, மேலே ஏறு” என்று இடுப்பைப் பிடித்து ஏற்றிவிடும் பெரியவர், வாங்கியதன் பயனை அப்போதே கெடுத்துவிடுகிறார். இரண்டு படி ஏறிவிட்டு இறங்கும் குழந்தைக்கு அன்று இரண்டு படிதான் உயரம். அடியில் மெத்தை விரியுங்கள், அருகில் நில்லுங்கள், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வாங்குமுன் படிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளக்க வேண்டும். ஏறக்குறைய 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட இடைவெளியில் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளலாம் என்பது விளையாட்டுத் திடல்களுக்கான தரநிலைகளின் கணக்கு.

இரண்டாவது, சாய்தளம், படி, உருளை என்று துண்டு துண்டாக வரும் ஃபோம் கட்டைகள். சிறிய வீட்டில் வசிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நடை வந்த நாளிலிருந்து பயன்படும், விழுந்தால் வலிக்காது, இன்று மலை, நாளை பாலம், மறுநாள் மூத்த பிள்ளைகளின் கோட்டை. உறை கழற்றித் துவைக்கும்படி இருக்கவேண்டும், ஜிப்பின் இழுப்பு உள்ளே மறைந்திருக்கவேண்டும். உறை கிழிந்துவிட்டால் உடனே தைத்துவிடுங்கள், கடித்துப் பார்க்கும் வயது இது. பெட்டி மிகப் பெரிதாக வந்து இறங்கும். சொல்லாமல் அனுப்பிவிட்டால் அந்த வீட்டார் உங்களை நீண்ட நாள் நினைத்திருப்பார்கள்.

சிறிய பிளாஸ்டிக் சறுக்குமரம் மூன்றாவது. ஏறினால் சறுக்கலாம், அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் பிள்ளை சறுக்குப் பக்கமாகவே ஏறத் தொடங்கும், அதுதான் நல்ல உடற்பயிற்சி என்பது வேறு. முற்றம் இருந்தால் சரி. கூடத்தில் வைத்தால் மற்றவர்கள் சுவரோரமாக நடக்க வேண்டியிருக்கும்.

ஏறி நின்று துள்ளிக் குதிக்கும் டிராம்போலின் இந்தப் பட்டியலில் இல்லாததை மறதி என்று எண்ண வேண்டாம். அமெரிக்க எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்களின் அமைப்பு ஆறு வயதுக்குக் கீழ் அது வேண்டாம் என்கிறது. அங்குள்ள குழந்தை மருத்துவர்களின் அமைப்பு வீட்டு டிராம்போலினையே ஊக்குவிப்பதில்லை. குதிக்கும் பிள்ளைக்குப் பழைய மெத்தை ஒன்றைத் தரையில் போட்டால் போதும்.

எறிவதற்கும் ஊற்றுவதற்கும்

பந்தைப் பரிசாகக் கொடுக்கப் பெரியவர்களுக்குக் கூச்சம். இவ்வளவுதானா என்று நினைப்பார்களோ என்று. கிண்டர்கார்டன் என்ற சொல்லையே தந்த ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல், குழந்தைகளுக்கென்று வரிசையாக வடிவமைத்த விளையாட்டுப் பொருள்களுக்கு ‘பரிசுகள்’ என்றே பெயர் வைத்தார். அந்த வரிசையில் முதல் பரிசு என்ன தெரியுமா? கம்பளி நூலால் ஆன மெத்தென்ற ஆறு வண்ணப் பந்துகள். ஆகவே கூச்சப்பட வேண்டாம். ஒரே பந்தாகக் கொடுக்காமல் நடத்தை வேறுபடும் மூன்று நான்கு பந்துகளைக் கொடுங்கள்: துணிப் பந்து ஒன்று, நன்றாகத் துள்ளும் ரப்பர் பந்து ஒன்று, இரு கையாலும் அணைத்துத் தூக்கவேண்டிய பெரியது ஒன்று, துள்ளாமல் தொப்பென்று விழும் கனமானது ஒன்று. அவற்றைப் போட ஒரு கூடையும் சேர்த்தால் ஏற்றி இறக்கும் வேலையும் நடக்கும். எதை வாங்குவது என்று முடிவே வராத நாளில் நான் வாங்குவது இதைத்தான்.

மணல், தண்ணீர் மேசை வாங்குவதா என்று கேட்பார்கள். குழந்தைக்கு அதைவிட இன்பம் இல்லை. நின்றபடி விளையாடுவது, வாளி சுமப்பது, ஊற்றுவது என்று மணிக்கணக்கில் ஓடும். சிக்கல் பெற்றோர் பக்கம். வெளியிடம் இல்லாத வீட்டில் அது தண்டனை. சில செ.மீ. ஆழத் தண்ணீரே சிறு குழந்தைக்கு ஆபத்து என்பதால் ஒருவர் உடன் நிற்கவேண்டும், ஆட்டம் முடிந்ததும் தண்ணீரைக் கவிழ்த்துவிட வேண்டும். மேசை வேண்டாம் என்று முடிவு செய்தால் இரண்டு சிறு வாளி, ஒரு புனல், பூவாளி ஒன்று, பெரிய தூரிகை ஒன்று கொடுக்கலாம். வெறும் தண்ணீரில் தூரிகையைத் தோய்த்துச் சுவருக்கு வண்ணம் பூசும் இரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்தவர்கள் மேசையைப் பற்றிப் பிறகு பேசமாட்டார்கள்.

உட்கார்ந்து விளையாடும் பொருள்களே ஆகாது என்று சொல்லவில்லை. ஓடிக் களைத்தபின் எந்தப் பிள்ளையும் உட்காரும். பெரிய கட்டைகள் நல்லவை. லெகோவின் டூப்ளோ, 1969-இல் வந்தது, சாதாரணக் கட்டையைப் போல நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரு மடங்கு. விழுங்க முடியாது, பெரிய பிள்ளையின் சிறிய கட்டைகளோடும் பொருந்தும். கெட்டி அட்டைப் புத்தகங்களில் தாவு, சுழல், பதுங்கு என்று உடலை இழுப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். பறை, மத்தளம் போன்ற எதையும் கொடுக்குமுன் அந்த வீட்டுச் சுவர்களின் கனத்தை யோசியுங்கள்.

பேசும், பாடும், மின்னும் பொம்மைகளிடம் எனக்குப் பகை உண்டு, மறைக்கவில்லை. 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பத்து முதல் பதினாறு மாதக் குழந்தைகளையும் பெற்றோரையும் கவனித்தார்கள். மின்னணுப் பொம்மை இருந்தபோது பெற்றோர் பேசிய சொற்கள் குறைந்தன, புத்தகத்தோடு இருந்தபோது கூடின. சிறிய ஆய்வுதான், 26 குடும்பங்கள். ஆனாலும் பொம்மை பேசும்போது மனிதர்கள் வாயை மூடிக்கொள்வதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். தவிர, பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைச் சுட்டுவிடும். பேட்டரி அறை திருகாணியால் மூடப்படாத பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிறு காந்தங்கள், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் மணிகள், பலூன்கள் ஆகிய மூன்றும் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வயதுக்கு வேண்டாம். உடைந்த பலூன் துண்டு தொண்டையில் படிந்துவிட்டால் எடுப்பது மிகக் கடினம்.

எத்தனை கொடுப்பது என்பதும் முக்கியம். விடுமுறைக் காலத்தில் எல்லோரும் ஒன்றாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை வைத்து நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பதினாறு பொம்மைகள் இருந்த அறையைவிட நான்கே இருந்த அறையில் ஒவ்வொன்றோடும் நீண்ட நேரம், பல விதமாக விளையாடினார்கள். எனவே உறவினர்கள் பேசிவைத்துக்கொண்டு நான்கைந்து பேர் சேர்ந்து பெரியதாக ஒன்றை வாங்குவது நல்லது. கௌரவம் தடுத்தால், வந்ததில் பாதியை அலமாரிக்குள் வைத்துவிட்டு மாதம் ஒன்றாக வெளியே எடுக்கும்படி பெற்றோரிடம் சொல்லலாம். நீச்சல் வகுப்பு, விளையாட்டுக்கூடச் சந்தா போன்றவை இடத்தை அடைக்காது, பெற்றோரும் மகிழ்வார்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கோ அட்டையும் உறையும் பரிசாகத் தோன்றாது, கூடவே ஒரு பந்து போய்விட வேண்டும்.

அக்கா மகனுக்கு இப்போது இரண்டே முக்கால் வயது. கேள்வியைக் கேட்டேன். “படியிலிருந்து குதிக்கிறான், வாசலைத் திறந்தால் ஓடிவிடுகிறான்” என்றாள். பேலன்ஸ் பைக், ஹெல்மெட் என்று முடிவாயிற்று. கவட்டை உயரம் 36 செ.மீ. என்று அளந்து அனுப்பியிருக்கிறாள், அளக்க மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்ததாம். பாட்டி மூன்று சக்கர சைக்கிள் வாங்கிவைத்திருப்பது பிறகு தெரிந்தது. அது அடுத்த பிறந்தநாள்வரை பாட்டி வீட்டிலேயே இருக்கும் என்று சமாதானம் ஏற்பட்டிருக்கிறது.

வண்டியை முந்தைய இரவே பிரித்துப் பூட்டிவைத்துவிடுவேன். திருகாணிகளை எண்ணி, பிளாஸ்டிக் உறைகளையும் கட்டுக்கம்பிகளையும் குப்பைக்கு அனுப்பிவிட்டு, இருக்கையை 33 செ.மீ.க்கு இறக்கி, வெறும் துணியால் மூடிவைக்க வேண்டும். திருகாணி முறுக்கும் இருபது நிமிடம் எதிரில் காத்துக்கொண்டு நிற்க அவனால் ஆகாது.